முத்துக்கரையில் உயிர் மூலக்கூறுகள்

முத்துச்சிப்பியின் சதை, மற்ற உயிர்களின் உடலைப் போலவே, நீரைத் தவிர்த்தால் பெரும்பாலும் நான்கு வகை மூலக்கூறுகளால் ஆனது: புரதம், கார்போஹைட்ரேட், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். அந்தச் சதைக்குள் விளையும் முத்தோ பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். உயிர்ப்பொருள் அதில் சிறு பங்குதான். ஆனால் முத்தின் ஒளியும் உறுதியும் அந்தச் சிறு பங்கைப் பொறுத்தே அமைகின்றன. தாமிரபரணி கடல் சேரும் ஆத்தூர், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் வட்டாரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த முத்துத்தொழில், சிப்பியின் எந்தப் பொருள் அழியும், எது நிற்கும் என்ற அனுபவ அறிவை நம்பியே நடந்தது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கையேடு, கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளியதால் துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது இந்தக் காயலைத்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். ஆட்சி மாறினாலும், சிப்பி விளையும் கடலடிப் பார்களில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களில் பரதவர்களே முதன்மையானவர்கள்.

எடுத்த சிப்பியிலிருந்து முத்தைப் பிரிக்கும் முறை அழுகலை நம்பியது. கரைக்கு வந்த சிப்பி ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வியாபாரி விலை கேட்பார். வாங்கிய சிப்பியை ‘கொட்டு’ எனப்படும் வேலியடைப்பில் குவித்து ஒரு வாரமோ அதற்கு மேலோ வெயிலில் விடுவார்கள். ஈ மொய்த்துப் புழு வைக்கும், சதை கூழாகும். பிறகு தோணியிலோ தொட்டியிலோ கொட்டிக் கடல்நீர் விட்டுக் கையால் அலசி, ஓட்டை எறிந்து, அடியில் தங்கும் மண்ணைத் துணியில் உலர்த்திப் பொறுக்குவார்கள். கத்தியால் திறந்தால் சதைக்குள் புதைந்த பொடிமுத்து தவறிவிடும்; அழுகவிட்டால் தூள் வரைக்கும் கைக்கு வரும்.

அந்த ஒரு வாரத்தில் நடப்பது மூலக்கூறுகளின் சிதைவு. பாக்டீரியாக்களின் நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் சல்பைடாகச் சிதையும்போது முகாம் முழுக்க நாற்றம் பரவும். சிப்பி சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்ற கார்போஹைட்ரேட்டும், செல்களின் சவ்வாக இருந்த கொழுப்பும் கூடவே சிதைகின்றன. முத்துக்குள் இருக்கும் புரதம் மட்டும் தப்பிவிடுகிறது. அது பெரும்பாலும் நீரில் கரையாதது. கால்சியம் கார்பனேட் தட்டுகளுக்கு இடையே அடைபட்டிருப்பதால் நொதிகள் அதை எளிதில் எட்டுவதில்லை.

நெருப்பு அழுகலுக்கு நேர்மாறு. சிப்பி ஓட்டைச் சூளையில் இட்டுச் சுட்டால் உயிர்ப்பொருள் அனைத்தும் எரிந்துபோகும். கார்பனேட்டும் கார்பன் டைஆக்சைடை இழந்து சுட்ட சுண்ணாம்பாகும். அதில் நீர் விட்டால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் கொடிக்கால்கள் இருப்பது இதே தாமிரபரணிப் பாசனத்தில்தான்.

உயிர்ப்பொருளையும் கார்பனேட்டையும் பிரிக்கும் மூன்றாவது வழி அமிலம். நீர்த்த அமிலத்தில் ஓடு கரைந்தபின் மெல்லிய, வளையும் சவ்வு மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் இந்த எச்சத்தை ஆராய்ந்தனர். ‘புரோட்டீன்’ என்ற பெயர் 1838இல் அச்சில் வந்தது. ஓட்டின் உயிர்ப்பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் ஃபிரேமி 1855இல் ‘கான்கியோலின்’ என்று பெயரிட்டார். அது ஒரே பொருள் அல்ல, பல புரதங்களும் கைட்டின் என்ற கார்போஹைட்ரேட்டும் சேர்ந்த கலவை என்பது பின்னர் தெளிவானது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியான பிங்டாடா ஃபுகாட்டா இனத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் பகுத்து, 1997இல் பட்டுப்புரதத்தை ஒத்த சட்டகப் புரதங்களையும், 2009இல் ‘பிஃப்’ என்ற புரதத்தையும் விவரித்தனர். கைட்டின் சட்டகம் போடுகிறது. புரதங்கள் அதன்மேல் கால்சியம் கார்பனேட்டை அரகோனைட் படிகமாக, ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் கனமுள்ள தட்டுகளாக அடுக்கவைக்கின்றன. தட்டின் கனம் ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கியிருப்பதால் முத்தில் வானவில் சாயல் தோன்றுகிறது. பழைய முத்து உலர்ந்து மங்குவதற்கும் வெடிப்பதற்கும் இந்த உயிர்ப்பொருள் நீரை இழப்பது ஒரு காரணம்.

தூத்துக்குடியின் கடைசிச் சலாபத் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். ஒரு சிப்பியின் மேற்போர்வையான மேன்டிலில் சிறு துண்டை வெட்டி, ஓட்டால் செய்த மணியோடு மற்றொரு சிப்பிக்குள் வைப்பதே முறை. அந்தத் துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகி முத்துப்பொருளைச் சுரக்கின்றன. எந்தப் புரதத்தைச் செய்வது என்ற குறிப்பு அச்செல்களின் டி.என்.ஏ.வில் உள்ளது. அதனால் முத்தின் நிறத்திலும் தரத்திலும் துண்டு தந்த சிப்பிக்குப் பெரும் பங்குண்டு.

பிங்டாடா ஃபுகாட்டா இனத்தின் முழு மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2012இல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டு சுவிஸ் ஆய்வாளர்கள் முத்திலிருந்தே டி.என்.ஏ. பிரித்து, அது எந்தச் சிப்பி இனத்தில் விளைந்தது என்று கண்டறிந்தனர். முத்து அடுக்கடுக்காக வளரும்போது சிப்பியின் நியூக்ளிக் அமிலமும் சிறிதளவு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. நெடுங்காலம் வியாபாரியின் கண்ணே தீர்ப்புச் சொன்ன வணிகத்தில், முத்தின் பிறப்பை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கும் வழி இவ்வாறு திறந்தது.