பதினாறு பைட்டில் ஒரு பேழை

எதை எழுதி வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதே வரலாறு எழுதுவோரின் முதற் சிக்கல். விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றிலும் அச்சிக்கல் எழுந்தது. அதனை இன்று காண்போம்.

1983ஆம் ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. 1985இல் அமெரிக்காவில் அது என்.இ.எஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விளையாட்டுகள் தனித்தனிப் பேழைகளாக அதில் செருகப்பட்டன. கருவியின் ஆற்றல் போதாதபோது, பேழைக்குள்ளேயே கூடுதல் சில்லுகளை வைத்தனர். ஆகவே, விளையாட்டைப் பாதுகாக்க அதன் நிரலைப் படியெடுத்தால் மட்டும் போதாது. உடனிருந்த சில்லு எது என்பதையும் குறித்தாக வேண்டும்.

1996இல் மராட் ஃபைசுலின் என்பவர், கணினியை என்.இ.எஸ். போல இயங்கச் செய்யும் ஐநெஸ் மென்பொருளை உருவாக்கினார். அவர் வகுத்த கோப்பில் முதல் 16 பைட்டுகள் ஓர் அடையாளச் சீட்டு ஆகும். சில்லு அமைப்பு அதில் ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டது. முதலில் 16 எண்களுக்கே இடமிருந்தது. பின்னர் அது 256 ஆயிற்று.

இங்கே இரண்டு இடர்கள் தோன்றின. முதலாவது, சீட்டின் வெற்றிடத்தில் ஒரு மென்பொருள் ஒரு சொல்லைப் பொறித்துவிட்டது. பிற்பாடு அதே இடத்தில் எண்ணின் மறுபாதி அமைந்ததால், அக்கோப்புகளின் எண்ணில் 64 கூடிவிட்டது. சரியான சில்லு அடையாளம் தெரியாமற் போயிற்று.

இரண்டாவது, வெவ்வேறு சில்லுகள் ஒரே எண்ணைப் பெற்றன. 1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் விளையாட்டிலும் அதன் தொடர்ச்சியிலும் மட்டுமே எம்.எம்.சி.6 என்னும் சில்லு இருந்தது. நினைவகத்தைக் கையாளும் முறையில் அது எம்.எம்.சி.3இலிருந்து வேறுபட்டது. எனினும், இரண்டிற்கும் 4 என்ற எண்ணே வழங்கப்பட்டது.

இரண்டே விளையாட்டுகளுக்காக அமைப்பை மாற்றுவதா என்று நாம் கேட்கலாம். 2006இல் தோன்றிய என்.இ.எஸ். 2.0 அமைப்பு அதற்கு விடையளித்தது. அதே 16 பைட்டுகளுக்குள் 4096 எண்களுக்கும், ஒவ்வொன்றின் கீழும் 16 துணை எண்களுக்கும் இடம் கிடைத்தது. எம்.எம்.சி.6 தனக்கென ஒரு துணை எண்ணைப் பெற்றது. பழைய கோப்புகளும் தள்ளுபடியாகவில்லை.

பேழைகள் என்றேனும் பழுதாகும். அன்று எஞ்சுவது நாம் குறித்து வைத்தது மட்டுமே. ஆதலால், அரிய ஒன்றுக்கும் சீட்டில் ஓர் இடம் ஒதுக்குவது வீண் வேலையன்று.