சிற்றரசரின் சிலுவை: நிலம் போன பிறகு வந்த பதக்கம்

விருது வாங்கலாமா, கூடாதா? கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. வாங்குகிறவரின் நேர்மையைத்தான் எல்லோரும் நோண்டுகிறோம். கொடுக்கிற அதிகாரத்துக்கு அதில் என்ன தேவை என்று கேட்பதில்லை. உள்ளூர் விருதை எடுத்தால் ஆள்பெயர் அடிபட்டு விஷயம் திசைமாறிவிடும். அதனால் தூரத்துப் பதக்கம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மத்தியதரைக்கடல் ஓரத்துச் சிற்றரசு மொனாக்கோ. அதன் ஆட்சியாளர் மூன்றாம் சார்ல்ஸ் 1858 மார்ச் 15இல் 'புனித சார்ல்ஸ்' விருதை ஏற்படுத்தினார். ஐந்து படிநிலைகள். உச்சியில் பெருஞ்சிலுவை, அடியில் நம் காதுக்கும் பழகிய செவாலியே. 1802இல் நெப்போலியன் போட்ட ஏணியின் அச்சு இது. செவாலியே இடது மார்பில் குத்திக்கொள்வார். கமாண்டருக்குக் கழுத்தில் தொங்கும். பெருஞ்சிலுவைக்காரருக்குத் தோளிலிருந்து குறுக்குப்பட்டை, நெஞ்சில் நட்சத்திரம். ஆளின் உடம்பைப் பார்த்தே அவர் எந்தப் படி என்று சொல்லிவிடலாம். படிநிலை உடம்பின்மீது எழுதப்படுகிறது.

இனி பதக்கத்தையே ஒரு பிரதியாக வாசிப்போம். சிவப்பு ஓரமிட்ட வெள்ளை எனாமல் சிலுவை. மேலே கிரீடம். நடுவட்டத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு 'சி' எழுத்துகள். அது ஆட்சியாளரின் பெயர்க்குறி. பெயர் புனிதருடையது, முத்திரை தன்னுடையது. சாமி பேரில் கோயில் கட்டிக் கல்வெட்டில் தன் பேரை வெட்டிக்கொள்வது மாதிரிதான். சுற்றிலும் 'அரசரும் தாயகமும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம்.

எந்தத் தாயகம்? இங்கேதான் எனக்கு இடறுகிறது. பத்து வருஷம் முன்பு, 1848இல், மாந்தோன், ரோக்பிரூன் என்ற இரண்டு ஊர்களும் கலகம் செய்து தங்களைச் சுதந்திர நகரங்கள் என்று அறிவித்துக்கொண்டன. எலுமிச்சை விளைவித்துப் பிழைத்த மாந்தோன்காரர்களை அரண்மனை வரியால் பிழிந்திருந்தது. அவர்கள் போனதோடு சிற்றரசின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கும் போயிற்று. மிஞ்சியது பாறைமேல் ஓர் ஊரும் ஒரு துறைமுகமும். கோட்டையில் நின்றதும் சார்டினியப் படை. கஜானாவில் காசில்லை.

இந்த நிலையில்தான் பதக்கம் பிறக்கிறது. நிலமும் படையும் கைவிட்டுப் போனவரிடம் மிச்சமிருந்தது, 'இவர் சிறந்தவர்' என்று அறிவிக்கும் உரிமை மட்டும். விருதை இன்னொரு நாட்டான் மார்பில் ஏற்றுக்கொள்ளும்போது, கொடுத்தவர் இறையாண்மை உள்ளவர் என்பதற்கு அந்த மார்பு சாட்சியாகிவிடுகிறது. மரியாதை வாங்கியவருக்குப் போன மாதிரி தெரியும். உண்மையில் அது கொடுத்தவருக்குத் திரும்புகிறது. இது என் வாசிப்பு. சார்ல்ஸ் இப்படிச் சொல்லவில்லை.

1861இல் அந்த இரண்டு ஊர்கள் மீதிருந்த உரிமையையும் அவர் நாற்பது லட்சம் பிராங்குக்கு பிரான்ஸிடம் விட்டுக்கொடுத்தார். 1863க்குப் பிறகு சூதாட்ட விடுதி கைகொடுத்தது. 1866இல் அது நின்ற குன்றுக்கு 'மாண்டே கார்லோ', அதாவது சார்ல்ஸின் குன்று, என்று பேர் வைத்தார்கள். முதலில் அடுத்தவர் மார்பில் ஏறிய பெயர், பிறகு குன்றிலும் ஏறியது. 1869இல் குடிமக்களுக்கு வருமான வரியே இல்லை என்றானது. மாந்தோன் எலுமிச்சைக்காரர்கள் அதற்குள் பிரெஞ்சுக்காரர்களாகியிருந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை டீக்கடையில் வேறு மாதிரி கேட்போம். இந்த விருதுக்கு நான் தகுதியா என்பது அப்புறம். இதைக் கொடுக்கிறவர் எதை இழந்துவிட்டு வந்து நிற்கிறார்? என் மார்பு எதற்குச் சாட்சி சொல்லப் போகிறது?