கட்சியும் கூரையும்: பேராக்கில் சூரிய மின்சாரம்

மின்சாரத்திற்குக் கட்சி இல்லை என்பர். ஆயினும், எந்த வீட்டில் முதலில் விளக்கு எரியும் என்பதில் அரசியலுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979இல் வெள்ளை மாளிகைக் கூரையில் நீர் சூடாக்கும் 32 சூரியத் தகடுகளை அமைத்தார். ரேகன் ஆட்சியில், 1986இல், கூரையைச் செப்பனிடக் கழற்றப்பட்ட அவை மீண்டும் ஏற்றப்படவில்லை. அந்நாட்டில் சூரிய ஆற்றல் நாளடைவில் கட்சிச் சாயல் பெற்றது. பேராக் மாநிலத்தின் வரலாறோ வேறு.

1926இல் தோன்றிய பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம், 1930இல் செண்டரோ அணையிலிருந்து மின்சாரம் வழங்கலாயிற்று. அது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை இயக்கியது; ஈப்போ நகரும் ஒளி பெற்றது. இரப்பர்த் தோட்ட லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் ஒளி தந்தது. 1957இல் விடுதலை வந்த பின் நாட்டுப்புற வளர்ச்சித் திட்டங்கள் பெருகின. ஆனால், தோட்டம் தனியார் உடைமை எனக் கருதப்பட்டு அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றது.

அரசியலில் தமிழர் குரல் இல்லாமலில்லை. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஓங்கியிருந்தது. சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன், தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அதே தொகுதியின் உறுப்பினர் ச. சாமிவேலு 1989 முதல் 1995 வரை எரிசக்தி அமைச்சராயிருந்தார். தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனலாக மாறியது அக்காலத்தில்தான், 1990இல். 2008இல் அத்தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்து, மலேசிய சோசலிசக் கட்சியின் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜைத் தேர்ந்தனர்.

கொடிகள் மாறின; சூரியத் திட்டம் தொடர்ந்தது. தேசிய முன்னணி ஆட்சி 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தை இயற்றிற்று. வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்தை 21 ஆண்டுகள் நிலையான விலைக்கு வாங்க அது வழி செய்தது. 2019இல் நம்பிக்கைக் கூட்டணி அரசு, கொடுக்கும் ஓர் அலகுக்கு எடுக்கும் ஓர் அலகு ஈடு என்றது. 2021இல் தேசியக் கூட்டணி அரசு அம்முறையை நீட்டித்தது. 2024இல் ஒற்றுமை அரசு வீட்டினருக்கு 4,000 ரிங்கிட் வரை கழிவு தந்தது. ஆட்சிக்கு வந்த எவரும் கதிரவனைக் கைவிடவில்லை.

ஆயினும், இத்திட்டங்களில் சேரக் கைப்பொருள் வேண்டும். அதற்கும் முன் சொந்தக் கூரை வேண்டும். தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் விற்கப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் பல மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. அங்கே கூரை எவர் ஒருவருக்கும் உரியதன்று. மாதம் 300 அலகுக்குள் செலவிடும் இல்லங்களுக்கு 2011ஆம் ஆண்டுத் திட்டத்தின் நிதிக்கான கட்டணத்திலிருந்து விலக்கு அளித்தது நன்றே. ஆனால், விலக்குப் பெற்ற ஏழை இல்லம் சுமையிலிருந்து தப்பியதேயன்றி, பயனில் பங்கு பெறவில்லை.

பயன் காணாதவரிடம் உறுதியான ஆதரவை எதிர்பார்த்தல் அரிது. ஆகவே, பேராக்கில் சூரிய ஆற்றலுக்கான மக்கள் ஆதரவை ஆராயும் மாணவர் வாக்குச் சீட்டோடு நிற்றல் ஆகாது. நிலப்பட்டாவையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கதிரவன் எல்லார்க்கும் பொது. கூரை இன்னும் பொதுவாகவில்லை.