ஊசித் துளை சரித்திரம்

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். பெர்த்தா பென்ஸ் என்கிற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பினார். கூடவே இரண்டு மகன்கள். போக வேண்டிய இடம், நூறு கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தாய்வீடு!

வழியில் வண்டி மக்கர் செய்தது. எரிபொருள் வரும் பாதையில் அடைப்பு. மெக்கானிக்கைத் தேடலாம் என்றால், அப்படி ஒரு தொழிலே அப்போது பிறக்கவில்லை. பெர்த்தா அலட்டிக்கொள்ளவில்லை. தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை உருவினார், குத்தினார், அடைப்பு விட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய புல்லட்டை வாசலில் நிறுத்தி, கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்காருகிறார்களே... அவர்களுக்கெல்லாம் மூத்தவர் இந்த அம்மாதான்!

கார்புரேட்டர் என்பது என்ன? எஞ்சினின் கணக்குப்பிள்ளை. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் வரவு, காற்று வரவு இரண்டும் டாலி ஆகணும். ஆகவில்லையா, வண்டி இருமும். இல்லையென்றால் புகை கக்கும்.

ஆரம்ப காலத்தில் இந்தக் கணக்கு ரொம்பக் குத்துமதிப்பு. 1885-ல் டைம்லரும் மேபாக்கும் மோட்டார் சைக்கிளின் தாத்தாவை உருவாக்கினார்கள். மரச்சட்டம், தோல் சீட். டைம்லரின் மகன் ஓட்டிப் பார்த்தபோது, எஞ்சின் சூட்டில் சீட்டே தீப்பிடித்துக்கொண்டதாம். அதில் பெட்ரோல் தெளிக்கப்படவில்லை. ஒரு பாத்திரத்தில் பெட்ரோல் இருக்கும், அதை உரசிக்கொண்டு போகும் காற்று கொஞ்சம் ஆவியைக் கூட்டிப் போகும். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு பூக்காரி வருகிறாள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத் தெருவில், சின்னக் குழாயால் தண்ணீரைப் பூப்பூவாக ஊதித் தன் பூக்களை நனைத்துக்கொண்டிருந்தாளாம். அதைப் பார்த்த டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா என்ற இரண்டு எஞ்சினீயர்களுக்குப் பொறி தட்டியதாம். பூக்காரி கர்ண பரம்பரைக் கதையாக இருக்கலாம். ஆனால், பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் கார்புரேட்டருக்கு அவர்கள் 1893 பிப்ரவரியில் காப்புரிமை கேட்டது நிஜம். சில மாதங்கள் கழித்து அதே வருஷம் மேபாக்கும் கேட்டார்.

தெளிக்க வேண்டுமானால் ஊசி முனை மாதிரி ஒரு துளை வேண்டும். அதுதான் 'ஜெட்'. துளை பிறந்த அன்றைக்கே அடைப்பும் கூடப் பிறந்தது!

1927-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகி 'அமல்' உருவானது. அந்தக் கால பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் மூக்கு பெரும்பாலும் அமல்தான். அதன் மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். அது துளையின் அளவு இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் பாயும் என்கிற கணக்கு. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தபோது அமலும் கூடவே வந்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மூடுவிழா கண்ட பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. அப்பா ஓட்டியதை மகன் ஓட்டினான். அப்பா கழுவிய கார்புரேட்டரை மகன் கழுவினான்.

எதற்காகக் கழுவ வேண்டும்? மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில், பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பது பிசின். முதலில் மாட்டிக்கொள்வது மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஜெட்' என்று சொல்லும் பொடித்துளை. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துபோகும். இந்த அறிகுறி தெரிந்தால் பெரும்பாலும் வியாதி அதுதான்.

வைத்தியம் எளிது. காற்றோட்டமான இடம். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் தேங்கியதை வடித்துவிடுங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை முழுக்க மூட எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். ஜெட் பித்தளை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தலை சிதைந்துவிடும். கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழுவட்டமாக ஒளி தெரிந்தால் பாஸ்.

கம்பியால் மட்டும் குத்தாதீர்கள்! பெர்த்தா குத்தியது வெறும் பாதை; நம் கையில் இருப்பது அளந்து வைத்த கணக்கு. இம்மி அகலமானாலும் அந்த நம்பர் பொய்யாகிவிடும். பெட்ரோல் செலவும் எகிறும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தது. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்தது. புகை குறைந்தது, நல்லதுதான். பழைய வண்டிக்காரர்களுக்கோ புதுத் தலைவலி. 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தைத் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களைப் பதம் பார்க்கும். வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது உத்தமம்.

இன்ஜெக்‌ஷன் வண்டி நின்றால் நோயைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும். கார்புரேட்டருக்கு வெளிச்சமும் ஒரு ஜோடிக் கண்ணும் போதும். சொந்தக்காரனே பிரித்து, பார்த்து, புரிந்துகொள்ள முடிந்த எஞ்சின்கள் இனி வரப்போவதில்லை. கையில் ஒன்று மிச்சமிருந்தால் மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்காரவையுங்கள்.