கல்லில் இல்லாத பெயர்கள்
வாக்காளர் பட்டியலும் குடும்ப வரலாறும்

சித்தன்னவாசல் மலைமீது ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உண்டு. அங்குள்ள சமணர் படுக்கைகளுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்குச் சிறுபாவில் இளையர் செய்தளித்த இருக்கை என்பது அதன் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டினது என்பர் அறிஞர் ஐராவதம் மகாதேவன். ஒருவரது பெயரும் பிறந்த ஊரும் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கின்றன.

அதே மலையில் குடையப்பெற்ற அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில் புதுக்கிய மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆனால் விதானத்தில் தாமரைத் தடாகத்தைத் தீட்டிய ஓவியர் பெயர் கல்லில் இல்லை. கல் சுமந்தவர் பெயரும் இல்லை. கல்வெட்டு கொடுத்தவரை எழுதியது; நிலப்பதிவேடு நிலமுடையவரை எழுதியது. கொடுக்கப் பொருளோ, பதிய நிலமோ இல்லாதவர் பெயரை எங்கே தேடுவது?

பழைய வாக்காளர் பட்டியல்களில் தேடலாம் என்பது என் விடை.

சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. பெண்களுக்கான தடை 1921இல் நீங்கிய பின்னரும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. ஆகவே அக்காலப் பட்டியல்கள் உடையவர் ஏடுகளே. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. நான்காண்டு நிறைவதற்குள் தொண்டைமான் மன்னரின் குடிகளாக இருந்தோர் முதற் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். நிலமுடையவரும் அந்நிலத்தில் நாற்று நட்டவரும் ஒரே பட்டியலில், வரிசை எண்ணளவில் மட்டும் வேறுபட்டு நின்றனர்.

அப்பட்டியலிலும் குறையுண்டு. அன்று வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அதனைக் கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. எங்கள் வீட்டில் ‘அன்னவாசல் அப்பத்தா’ என்று வழங்கப்பெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். பிறந்த ஊரே அவருக்குப் பெயராயிற்று. இயற்பெயரை அவருடைய பேரப்பிள்ளைகளும் அறியார். பழம்பட்டியல் ஒன்றின் படியில், பாட்டனாரின் பெயருக்கு அடுத்த வரியிலேதான் அதனை முதன்முதலாகக் கண்டேன்.

பட்டியலைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. கதவு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பால், அகவை ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்கும். ஒரே கதவு எண்ணில் வரும் பெயர்களைச் சேர்த்தால் ஒரு குடும்பம் உருப்பெறும். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நமக்குத் தந்தை பெயரே சங்கிலியின் கண்ணி. ஆயினும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபன்றோ? ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருவதால் பாட்டனையும் பேரனையும் ஒருவராக மயங்க இடமுண்டு. அகவையைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அதுவும் முழுச்சான்றன்று. எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு பட்டியலில் 40. பத்தாண்டு கழிந்த பட்டியலில் 45! எனினும் ஒன்று உறுதி. வாக்குரிமை அகவை 1989 வரை 21ஆக இருந்தமையால், முதற் பட்டியலில் உள்ளவர் 1930ஆம் ஆண்டிற்கு முன் பிறந்தவராதல் வேண்டும்.

பெயர் இல்லாமையையும் ஆராய்தல் வேண்டும். மணமாகிச் சென்ற பெண் வேற்றூர்ப் பட்டியலில் கணவர் பெயரோடு இருப்பார். நம் மாவட்டத்தினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மிகப்பலர். அங்கு 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, மலையகத் தமிழருள் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலினின்று அகற்றப்பட்டனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. ஆதலின் ஈரிடத்துப் பட்டியலிலும் பெயர் இல்லாதவரை, இறந்தார் என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர் உயிரோடிருந்தும் எழுதப்படாதவராக இருக்கலாம்.

இஃது ஆய்வாளர்க்கு மட்டும் உரிய கவலை அன்று. 2025 நவம்பரில் தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ உண்டா என்று வீடுதோறும் தேடினர். பாட்டியின் பெயரைப் பேத்திகள் அன்று அயலாரிடம் கேட்டறிந்ததும் உண்டு. ஒரு பெயரின் எழுத்துப் பிழை எவ்வளவு பெரியது என்பதை அந்நாட்களில் பலரும் உணர்ந்தனர்.

1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளின்படி இறுதிப் பட்டியலின் படியொன்று நிலையான ஆவணமாகக் காக்கப்பெறல் வேண்டும். ஆயினும் தாள் கல்லன்று. கரையான் அதனை அறியும். நம் வட்டத்தின் இப்பத்தாம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பழம்பட்டியலை ஒருமுறை தேடிக் காண்பாராக. மூத்தோர் இருக்கும்போதே அதனை அவர்முன் படித்துக் காட்டி, இன்னார் யார் என்று கேட்டெழுதி வைப்பாராக. கவிஞர்க்கு ஒரு சொல்: அப்பத்தாவைப் பாடும்போது, அவர் பெயரையும் பாட்டில் எழுதுங்கள்.