விளையாட்டுக் களத்தில் தலைக்காயம்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் உண்மை கண்டறியப்படுதல் வேறு. அது ஏற்றுக்கொள்ளப்படுதல் வேறு. உடல் மோதும் விளையாட்டுகளில் வீரர் அடையும் தலைக்காயத்தின் வரலாறு இதனை நன்கு உணர்த்துகின்றது.

1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டையிற் கையுறையைக் கட்டாயமாக்கின. கையுறை விரல்களைக் காத்தது. மண்டையோட்டினுள் மூளை குலுங்குவதை அது தடுக்கவில்லை. தள்ளாடி நடந்த முன்னாள் வீரரை இரசிகர் 'குத்துவெறி கொண்டோர்' என எள்ளினர். அந்நிலை மூளைக்காயத்தின் விளைவாகலாமென 1928இல் மருத்துவ ஏட்டில் எடுத்துரைத்தவர், அமெரிக்க நோயியலறிஞர் ஹரிசன் மார்ட்லண்ட். 1973இல் பிரித்தானியாவில் கொர்செல்லிஸ் குழுவினர் 15 முன்னாள் குத்துச்சண்டை வீரரின் மூளைகளை ஆராய்ந்து அச்சிதைவின் தன்மையை விளக்கினர்.

எனினும், இது குத்துச்சண்டைக்கே உரிய நோயெனக் கருதப்பட்டது. தலையைத் தாக்குவதே அங்கு நோக்கம். ஏனைய விளையாட்டுகளில் தலையடி தற்செயலானது என்பதே அக்கருத்தின் அடிப்படை. 2002இல் நிகழ்ந்த இரு மரணங்கள் அதனை அசைத்தன.

அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக் வெப்ஸ்ரர் தமது 50ஆவது வயதிற் காலமானார். அவரது மூளையை ஆராய்ந்த பெனற் ஒமாலு, 'ரோ' என்னும் புரதம் அதிற் படிந்திருந்ததை 2005இல் வெளியிட்டார். அக்கட்டுரையை மீளப்பெறுமாறு கோரியோர், தேசிய உதைபந்தாட்ட லீக் 1994இல் அமைத்த மூளைக்காயக் குழுவின் உறுப்பினரே. குழுவின் தலைவரோ மூட்டுநோய் மருத்துவர். இத்தொடர்பு உண்டென லீக்கின் உயர் அலுவலர் ஒருவர் ஒப்புக்கொண்டது 2016இலேயாம்.

இங்கிலாந்தில் ஜெவ் அஸ்ற்றில் 59 வயதில் இறந்தார். 1968ஆம் ஆண்டு எவ்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அவர். கனத்த தோற்பந்தைப் பன்முறை தலையால் முட்டியதை ஆராய்ந்த மரண விசாரணை அதிகாரி, அவரது மரணத்தைத் தொழில்சார் நோயின் விளைவெனத் தீர்ப்பளித்தார். பின்னர் 2019இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு 7,676 முன்னாள் ஸ்கொற்லாந்து வீரரை நோக்கியது. நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு அவர்களிடையே ஏறத்தாழ மூன்றரை மடங்காயிருந்தது. 2021இல் வெளியான தொடராய்வில் பின்கள வீரரிடம் ஆபத்து மிகுந்திருக்க, பந்தை அரிதாகவே முட்டும் கோற்காப்பாளரிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

தாமதத்துக்குக் காரணங்கள் இரண்டு. மயக்கமுறச் செய்யாத சிற்றடிகளும் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து தீங்கிழைப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நோயும் இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதிசெய்யப்படுகின்றது. இது இயற்கை விதித்த தடை. ஆட்டத்தால் வருவாய் ஈட்டிய நிறுவனமே அதன் தீங்கையும் மதிப்பிட்டமை மனிதர் விதித்த தடை. முன்னதை அறிவியல் காலப்போக்கில் வெல்லக்கூடும். பின்னதை நீக்குதல் சமுதாயத்தின் கடன்.