தாப்பா வழி மலையேறிய தேயிலை

பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் வட்டாரத்தின் தலைமையூராகிய தாப்பா, மலைக்கு வாயிலாக அமைந்த ஊர். ஈயமும் ரப்பரும் இதற்கு வாழ்வளித்தவை. ஆயினும், இங்கிருந்து கிழக்கே வளைந்து வளைந்து ஏறும் சாலை இவ்வூரை மற்றொரு பயிரோடும் பிணைத்தது. அப்பயிர் தேயிலை.

சாலை சென்று சேரும் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. 1885 இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அப்பகுதியை ஆய்ந்து கண்டமையால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. பின்னர் நாற்பது ஆண்டுகள் மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1926 இல் தாப்பாவிலிருந்து சாலைப்பணி தொடங்கிற்று. தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை 1931 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, 1929 இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்னும் ஆங்கிலேயர் 'போ' தோட்டத்தை நிறுவினார். ஈயம், ரப்பர், பத்து ஆராங் நிலக்கரி ஆகிய தொழில்களில் ஈடுபட்டவர் அவர். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் அவருக்குத் துணை நின்றார். உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய காலம் அது. ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நாளில் தோன்றிய இப்புதுத் தோட்டம், 1933 இல் ரசல் மறைந்த பின்னும் நிலைபெற்றது.

அதன் பெயரிலும் வரலாறு உண்டு. சீனத்தின் வூயி மலையை ஐரோப்பியர் 'போஹி' என வழங்கினர். அதிலிருந்து வந்ததே 'போ' என்பர். அம்மலையுள்ள மாநிலத்தின் கடற்கரையில் வழங்கும் ஹொக்கியன் பேச்சில் தேயிலைக்குப் பெயர் 'தே'. மலாயரின் 'தே', ஆங்கிலேயரின் 'டீ', தமிழரின் 'தேயிலை', 'தேநீர்' யாவும் அச்சொல்வழிப் பிறந்தவை. 'சாயா' என்பதோ 'சா' என்னும் வேறு சீன வழக்கின் கிளை. எனவே, தோட்டத்தின் பெயரும் பயிரின் தமிழ்ப்பெயரும் ஒரே நாட்டுப்புறத்திலிருந்து கடல் கடந்தவை எனலாம்.

காடு திருத்தியதிலும் சாலை வெட்டியதிலும் பல இனத்தார் உழைத்தனர். ஆயினும் கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் லயங்களில் குடியேறியோருள் பெரும்பாலோர் தமிழரே. போ, சுங்கை பாலாஸ் முதலிய தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளே அதற்குச் சான்று. இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்தெடுக்கின்றன. வேலையாட்களுள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வருகின்றனர். லயத்து வாழ்வை நேரில் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர்.

மலையை அளந்தவர் பெயர் மலைக்கே ஆயிற்று. தோட்டத்துக்கு முதலிட்டவர் பெயர் ஏடுகளில் உள்ளது. முதற்கன்று நட்டவர் பெயரோ பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டும் எஞ்சியிருக்கலாம். அந்நினைவைக் கேட்டு எழுதிவைத்தல் தோட்டப்பள்ளி ஆசிரியர்க்கு இயலாத செயலன்று. அது எழுதப்பெறும் வரை தோட்டத்தின் வரலாறு பாதி வரலாறே.